படத்தில் இல்லாத இரண்டு பட்டன்கள்

இரும்புக் கதவு சாத்திக்கொண்டது. ஃபோர்மேன் மெர்வ் ஓட்வே சக்கரத்தைப் பிடித்து மூன்று சுற்று இறுக்கினார். நாற்றம் வெளியே நின்றது. எங்களோடு உள்ளே வந்துவிட்ட நாற்றம் மட்டும் பெஞ்சில் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

லான்டர்ன் ஹில் தங்கச் சுரங்கத்தில் ஆபத்து என்றால் மணி அடிப்பதில்லை. அறுநூற்று நாற்பது மீட்டர் ஆழத்தில், துளை போடும் இயந்திரம் கத்திக்கொண்டிருக்கும்போது எந்த மணி யார் காதில் விழும்? காற்றுக் குழாயில் நாற்றத்தைத் திறந்துவிடுவார்கள். அழுகிய முட்டைக்கோஸும் கேஸ் கசிவும் கலந்த மாதிரி இருக்கும். மூக்கில் பட்ட நிமிடம் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு, பக்கத்திலிருக்கும் தஞ்சப்பெட்டிக்குள் ஓட வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது. இதைச் சுரங்கத்துக்குள் இறங்கும் முதல் நாளே மண்டையில் அடித்து ஏற்றிவிடுவார்கள்.

தஞ்சப்பெட்டி என்பது பாதி மினி பஸ் அளவுள்ள இரும்புக் கூடு. இரண்டு பக்கமும் பெஞ்சு. காற்றுப் புட்டிகள். ஒரு போன். வெளியே புகை இருந்தாலும் நெருப்பு இருந்தாலும் மேலேயிருந்து உத்தரவு வரும்வரை கதவைத் தொட முடியாது.

"மணி என்ன?" என்றார் ஸோர்க்கா.

"பன்னண்டு நாப்பது."

"ரெண்டு மணிக்கு நைரி கையெழுத்துப் போட்டுடுவா."

"தெரியும் பாஸ். காலையில இருந்து இதையே சொல்றீங்க. எத்தனை தடவைன்னு எண்ணலாம்னு பாத்தேன். எட்டுக்கு மேல எனக்குக் கஷ்டம்."

என் பெயர் ஃபரூஜியா. பதினொரு வருடம் துளை இயந்திரத்தில் உதவியாளாக இருந்தேன். இடது கையில் இரண்டு விரல்களை ஒரு சங்கிலி வாங்கிக்கொண்டது. அதற்கப்புறம் ஸோர்க்கா பார்பரிச்சிடம் வேலை. அவரும் இந்த ஊர்ப் பெண்தான். இருபத்திரண்டு வருடம் தாது லாரி ஓட்டியவர். முட்டி போனதும் துப்பறியும் லைசென்ஸ் வாங்கினார். அடுத்தவர் புருஷனைப் பின்தொடர முட்டி வேண்டாம், பொறுமை இருந்தால் போதும் என்பார். என்னைக் கூப்பிடுவது 'எட்டு' என்று.

மெர்வ் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். "ஷெரில், மெர்வ் பேசறேன். நாலு பேர் உள்ள இருக்கோம். அடி கிடி ஒண்ணும் இல்ல."

மேலே கன்ட்ரோல் ரூமில் ஷெரிலின் குரல் கரகரத்தது. "ஏழாம் மட்டத்துல புகைன்னு தகவல் வந்துச்சு மெர்வ். மீட்புக் குழு ஒவ்வொரு மட்டமா நடந்து பாத்துட்டுத்தான் கதவைத் திறக்கச் சொல்வாங்க. நாலு மணி நேரம் ஆகும். அஞ்சும் ஆகலாம்."

"ஷெரில்!" ஸோர்க்கா எட்டிக் கத்தினார். "டவுனுக்கு ஒரு லைன் குடு. இன்ஸ்பெக்டர் ஆபீசுக்கு. ஒரே நிமிஷம்."

"அவசர லைன் ஸோர்க்கா. கீழ இருக்கற ஃபோர்மேன் சொன்னாத்தான் நான் குடுக்க முடியும்."

மெர்வ் ரிசீவரை வைத்தார். "விதி விதிதான் ஸோர்க்கா. எனக்கு மட்டும் ஆசையா?" தன் பெரிய உடம்பைப் போனுக்குப் பக்கத்துப் பெஞ்சில் இறக்கினார்.

அங்கேயே எங்கள் வேலை முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

ஏழு வாரத்துக்கு முன், ஆகஸ்ட் இருபத்தெட்டாம் தேதி, இதே மட்டத்தில் நைரி பராட்டா ஒரு துளை போட்டாள். ஐந்து மீட்டர் முன்னே போனால் மூன்று மீட்டர் மேலே ஏற வேண்டிய துளை. கணக்குப்படி முப்பத்தொரு டிகிரி. அப்படிப் போயிருந்தால், யாரோ எண்பது வருடத்துக்கு முன் தோண்டிக் கைவிட்ட பழைய குகைக்கு மேலாகப் போயிருக்கும். துளை பதினான்கு டிகிரியில் போனது. குகையின் வயிற்றில் குத்தியது. எண்பது வருடத் தண்ணீர் ஒரே மூச்சில் வெளியே வந்தது. அவளோடு ஆறு வருடம் ஒரே இயந்திரத்தில் வேலை செய்த பாட் மீஹன் செத்தார். நைரி மண்டை உடைந்து பிழைத்தாள். அன்று காலை பல் தேய்த்ததுவரைதான் அவளுக்கு நினைவு.

கம்பெனி தரப்பு எளிமையானது. பயிற்சிக் கையேட்டில் கால்குலேட்டரில் எந்தப் பட்டனுக்கு அடுத்து எந்தப் பட்டன் என்று ஒவ்வொன்றையும் பெட்டி பெட்டியாகப் படம் போட்டிருக்கிறார்கள். விசாரணையில் ஒன்பது பேர் படத்தைப் பார்த்து அழுத்தினார்கள். ஒன்பது பேருக்கும் முப்பத்தொன்று வந்தது. ஆகவே நைரி படத்தைப் பார்க்கவில்லை, இஷ்டத்துக்கு அழுத்தினாள். இன்று இரண்டு மணிக்குச் சுரங்க இன்ஸ்பெக்டர் ஆபீசில் தப்பை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் தண்டனை குறையும் என்று அவளுடைய வக்கீலே சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அவள் எந்தச் சுரங்கத்திலும் இறங்க முடியாது. ஜெயிலும் இருக்கலாம். அதையெல்லாம் அவள் பெரிதாக நினைக்கவில்லை. இரவு பகல் என்று இல்லாமல் சமையலறை மேசையில் கையேட்டை விரித்து வைத்துக்கொண்டு கம்பெனி கொடுத்த கால்குலேட்டரில் அழுத்திக்கொண்டே இருக்கிறாள் என்று அவள் புருஷன் சொன்னான். ஒவ்வொரு தடவையும் முப்பத்தொன்று. பாட்டைக் கொன்ற அந்தப் பதினான்கு தன் கைக்கு எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை.

எங்களைக் கூப்பிட்டது நைரி இல்லை. பாட்டின் மனைவி கொலீன்.

"ஆறு வருஷம் என் புருஷன் அவ பக்கத்துல நின்னிருக்கான்," என்றாள் கொலீன். "அவ கேக் பண்ணாக்கூடப் பாக்கெட்டுல இருக்கற படத்தைப் பாத்துத்தான் முட்டை உடைப்பா. அவ படத்தைப் பாக்கலியாம். யாரு கிட்ட கதை விடுறாங்க?"

அதனால்தான் துளை போட்ட இடத்தைப் பார்க்க இன்று இறங்கினோம். வண்டி ஓட்டியது மெர்வ். கம்பெனி சார்பில் கூட வந்தது க்ளைவ் ஆஷ்பி, பயிற்சிப் பிரிவுத் தலைவன். சட்டையில் ஒரு சொட்டு மசி இருக்காது. அந்தக் கையேட்டைத் தயாரித்தவன் அவன்தான்.

பெட்டிக்குள் சூடு ஏறியது. விசிறி உறுமியது, காற்று வந்ததாகத் தெரியவில்லை. மெர்வ் தன் சாப்பாட்டுப் பையைத் திறந்து மாட்டிறைச்சி சாண்ட்விச்சை ஆளுக்கொன்றாக நீட்டினார். பிளாஸ்கில் டீ வேறு. லாமிங்டன் கேக்கூட இருந்தது.

"மெர்வ், நீங்க சாமி," என்றேன் வாய் நிறைய.

ஸோர்க்கா சாப்பிடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குச் சும்மா இருக்க வராது. கதவுக்கு எதிரே ஒரு பலகை இருந்தது. பழைய பலகை, ஓரமெல்லாம் பழுப்பு. காற்று எத்தனை மணி நேரம் வரும் என்று கணக்குப் போடும் முறை. அதிலும் பட்டன் படங்கள்தான். கீழே ஒரு கால்குலேட்டர் நைலான் கயிற்றில் தொங்கியது. மீட்டர் 2400 காட்டியது. ஆள் நாலு. ஒரு ஆளுக்கு மணிக்கு அறுபது என்று பலகையில் எழுதியிருந்தது. படத்தைப் பார்த்து அழுத்தினேன்.

"பாஸ், நல்ல சேதி. நமக்கு முப்பத்தாறாயிரம் மணி நேரத்துக்குக் காத்து இருக்கு. நாலு வருஷம் சொச்சம். வீட்டு வாடகை மிச்சம்."

"பத்து மணி நேரம்தான்," என்றான் க்ளைவ், சிரிக்காமல். "அடைப்புக்குறியை அழுத்தாம விட்டுட்டீங்க."

"எத?"

"அந்த ரெண்டு பெட்டி. பிறை மாதிரி வளைஞ்சிருக்கு பாருங்க."

"அழகுக்குப் போட்டிருக்காங்கன்னு நெனச்சேன்."

"அழகுக்கா! நாலையும் அறுபதையும் முதல்ல பெருக்கணும். வந்ததை வச்சு ரெண்டாயிரத்து நானூறை வகுக்கணும். அந்த ரெண்டு பட்டனை விட்டா மெஷின் பாட்டுக்கு நாலால வகுத்துட்டு அறுபதால பெருக்கிடும்."

"ரெண்டு பட்டனுக்கு நாலு வருஷ ஆயுசா? சர்ச்சுலகூட இவ்வளவு தர மாட்டாங்க."

ஸோர்க்கா கண்ணைத் திறந்தார். "க்ளைவ். அந்த ரெண்டை விட்டா மெஷின் தப்புன்னு காட்டாதா?"

"காட்டாது. ஒரு விடை குடுக்கும்."

"நம்புற மாதிரி விடையா?"

"எண்ணைப் பொறுத்தது. முப்பத்தாறாயிரத்தை யாரும் நம்ப மாட்டாங்க. சின்ன எண்ணா இருந்தா நம்பிடுவாங்க."

"எட்டு, கையேட்டை எடு."

சட்டைப் பையிலிருந்து எடுத்தேன். பத்தொன்பதாம் பக்கம். துளையின் சாய்வுக் கணக்கு. மூலை வளைந்த பெட்டிகள் ஆறு, வரிசையாக நின்றன.

"படி."

"ஷிஃப்ட். டேன். மூணு. வகுத்தல். அஞ்சு. சமம்."

"பிறை நிலா?"

திரும்பவும் பார்த்தேன். "இல்ல பாஸ்."

"இருக்காது," என்றான் க்ளைவ். "நான்தான் எடுத்தேன்."

மெர்வ் டீக் கோப்பையை வாயிலிருந்து இறக்கினார்.

க்ளைவ் நிமிர்ந்து உட்கார்ந்தான். அவனுக்குப் பிடித்த விஷயம் வந்துவிட்டது. "கீழ வேலை செய்றவங்க கையில கிரீஸ், மூஞ்சியில வேர்வை. வாக்கியமா எழுதினா யாரு படிப்பா? பட்டனைப் பட்டனாவே காட்டணும். மூலை வளைவு, நிறம், எழுத்து எல்லாம் நிஜ மெஷின்ல இருக்கற மாதிரியே. இந்த ஒரு கையேட்டுக்கு நூத்திப் பன்னண்டு பட்டன் வரைஞ்சேன். ஜூலையில புது மெஷின் வாங்கினோம். அதுல ஷிஃப்ட்டும் டேனும் அழுத்தினாலே திறக்கற அடைப்பு தானா வந்துடும். பழைய படத்தைப் பாத்து அதையும் அழுத்தினா திரையில ரெண்டு அடைப்பு வருது. வகுப்புல எல்லாரும் முழிச்சாங்க. சரி, புது மெஷினுக்கு வேணாம்னு ரெண்டு பெட்டியையும் எடுத்துட்டு ஆகஸ்ட் இருபதாம் தேதி புதுக் கையேடு குடுத்தேன். மெஷினும் அன்னிக்கே குடுக்கச் சொல்லி..."

பேச்சு நின்றது. கயிற்றில் தொங்கிய கால்குலேட்டரைப் பார்த்தான்.

"இது பழைய மெஷின் இல்ல?"

"இதுவா?" மெர்வ் கையை ஆட்டினார். "பூட்டின பெட்டிக்குள்ள இருக்கறத யாரு பாத்தா. இதை மாத்த விட்டுப்போச்சு."

"ரெண்டும் ஒரே மாதிரிதான இருக்கு," என்றேன்.

"அதே கம்பெனி. அதே கறுப்பு. பட்டன் இடம்கூட மாறல," என்றான் க்ளைவ். குரல் இறங்கியிருந்தது.

ஸோர்க்கா மெதுவாகச் சொன்னார். "எட்டு. பத்தொன்பதாம் பக்கம். படத்துல இருக்கறபடி. இந்த மெஷின்ல."

எனக்கு மீதமிருக்கும் விரல்களில் ஒன்றால் அழுத்தினேன். ஷிஃப்ட். டேன். மூணு. வகுத்தல். அஞ்சு. சமம்.

திரையைத் திருப்பி எல்லாருக்கும் காட்டினேன்.

14.3.

க்ளைவ் என் கையிலிருந்து கையேட்டை வாங்கினான். தான் வரைந்த ஆறு பெட்டிகளையும் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டான்.

"மூணுக்கு மட்டும் கோணம் எடுத்து, அதை அஞ்சால வகுத்துடுச்சு. அப்ப நான்தான் பாட்டைக் கொன்னேனா?"

"உன் படம் உன் மெஷினுக்குச் சரி," என்றார் ஸோர்க்கா. "அவ கையில எந்த மெஷின் இருந்துச்சுங்கறதுதான் கேள்வி. நைரி லீவு முடிஞ்சு வேலைக்கு வந்த முதல் நாள் அது. அவளுக்கும் ஞாபகம் இல்ல."

மெர்வ் தொண்டையைச் செருமினார். "அதுல என்ன கேள்வி ஸோர்க்கா? அன்னிக்கு சாயங்காலம் இயந்திரத்தோட பெட்டியில இருந்து சாமானையெல்லாம் எடுத்தது நான்தான். புது மெஷின்தான் இருந்துச்சு. போட்டோ இருக்கு, கையெழுத்து இருக்கு. தண்ணியில நனைஞ்சு சேறு அப்பிக் கிடந்துச்சு பாவம்."

அவர் சொன்னது சரி. அந்தப் படங்களை நானே பார்த்திருக்கிறேன். பழைய மெஷின் இயந்திரத்தில் இருந்ததற்குச் சாட்சி கிடையாது. எழுந்த நம்பிக்கை அப்படியே உட்கார்ந்துவிட்டது.

"மணி?"

"ஒண்ணு இருபது."

ஸோர்க்கா நொண்டிக்கொண்டே வந்து கால்குலேட்டரைக் கையில் வாங்கினார். திருப்பினார். முதுகில் மஞ்சள் டேப் சுற்றியிருந்தது. சுரங்கத்துக்குள் இறங்கும் எந்தப் பொருளுக்கும், சுத்தியானாலும் சரி சீப்பானாலும் சரி, சோதித்துப் பார்த்து டேப் சுற்றியாக வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு நிறம். டேப் இல்லாத பொருளோடு பிடிபட்டால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இந்த ஊர்க்காரர்கள் வீட்டு டோஸ்டரில்கூடப் பழக்கதோஷத்தில் டேப் சுற்றுவார்கள். ஸோர்க்கா மஞ்சளை நகத்தால் கிளப்பினார். அடியில் நீலம். அதற்கும் அடியில் பச்சை. அதற்கும் அடியில் சிவப்பு.

"மெர்வ், பெட்டிக்குள்ள இருக்கறத யாரும் பாக்கலன்ன. டேப் மட்டும் தவறாம மாத்தியிருக்க."

"டேப் வேற விஷயம். அது என் கையே செய்யும். யோசிக்கவே வேணாம்."

"அதான்," என்றார் ஸோர்க்கா. "அதேதான்."

முட்டிக்கட்டுக்குள் விரலை விட்டு மடித்த காகிதங்களை இழுத்தார். கைப்பை வைத்துக்கொள்ளும் பழக்கம் அவருக்கு இல்லை, எல்லாம் முட்டிக்கட்டில்தான் இருக்கும். விசாரணைக் கோப்பின் கலர் நகல்கள் வேர்வையில் ஒட்டியிருந்தன. பிரித்து என் மடியில் வரிசையாக வைத்தார்.

"இயந்திரத்துப் பெட்டியில இருந்து எடுத்த சாமான். ஆகஸ்ட் இருபத்தெட்டு, சாயங்காலம் ஆறு மணி, சீல் வச்சது எம். ஓட்வே. முதல் போட்டோ என்ன?"

"ஸ்பேனர்."

"டேப்?"

"நீலம்."

"அடுத்து?"

"டார்ச். நீலம். அடுத்தது பாட்டோட டீக் குவளை. அதுவும் நீலம்." நான்காவது படத்தைக் கண்ணருகே கொண்டுபோனேன். சேறு பூசிய கால்குலேட்டர். மூலையில் சேறு விட்ட இடத்தில் டேப் தெரிந்தது.

"மஞ்சள்," என்றேன்.

"மஞ்சள் எப்ப வந்துச்சு க்ளைவ்?"

"செப்டம்பர் ஒண்ணு," என்றான் க்ளைவ். "ஜூன், ஜூலை, ஆகஸ்ட் நீலம்."

"நாம எல்லாரும் இதைப் பாத்தோம்," என்றார் ஸோர்க்கா. "நான் இருபது தடவை பாத்தேன். இன்னிக்கு சுத்திலும் எல்லாம் மஞ்சளா இருக்கு, அதனால மஞ்சள் கண்ணுல படல. ஆகஸ்ட் இருபத்தெட்டாம் தேதி சீல் வச்ச பைக்குள்ள செப்டம்பர் டேப் எப்படி வரும் மெர்வ்? சீலைப் பிரிச்சு, பழைய மெஷினை எடுத்துட்டு, புதுசுல சேறு பூசி வச்சு, போட்டோவையும் மாத்தின ஆளு எல்லாத்தையும் யோசிச்சுத்தான் செஞ்சிருக்கான். டேப்பை மட்டும் யோசிக்கல. அவன் கையே சுத்திடுச்சு."

மெர்வ் எழுந்திருக்கவில்லை. வலது கையைப் போன் மேல் வைத்தார். சும்மா வைத்தார். அந்தக் கை என் தொடை அளவு இருக்கும்.

"உன் வேலை நல்ல வேலை ஸோர்க்கா," என்றார். "ஆனா நாலு மணி நேரம் கழிச்சுத்தான் கதவு திறக்கும். அவ கையெழுத்துப் போட்டுட்டா அது அவ சொன்ன மாதிரி. அதுக்கு மேல நீ டேப்பைப் பத்திப் பேசினா யாரு கேப்பா?"

எனக்கு மூச்சு முட்டியது. பத்து மணி நேரக் காற்று இருக்கிறது என்று பலகை சொன்னது. என் நெஞ்சு நம்பவில்லை. மெர்வைத் தள்ளிவிட்டுப் போனை எடுக்கலாமா என்று பார்த்தேன். எட்டு விரலை வைத்துக்கொண்டு அந்த மலையை நகர்த்த முடியாது. நகர்த்தினாலும், ஃபோர்மேன் சொல்லாமல் ஷெரில் லைன் தர மாட்டாள்.

ஸோர்க்கா பெஞ்சில் உட்கார்ந்தார். கோபம் துளியும் காட்டவில்லை. சாண்ட்விச்சை அப்போதுதான் கையில் எடுத்தார்.

"எட்டு, நாத்தம் வந்தப்ப உன் கையில என்ன இருந்துச்சு?"

"என் லஞ்ச் டப்பா பாஸ். அங்கயே போட்டுட்டு ஓடி வந்தேன். எங்கம்மா கைப்பட செஞ்ச பாஸ்டா. எலி சாப்பிட்டுட்டு இருக்கும்."

"க்ளைவ்?"

"லேப்டாப். போட்டுட்டேன்."

"நான் கைத்தடியையே போட்டுட்டேன். மூக்குல பட்டா போட்டுட்டு ஓடுவோம், அதான் நம்ம சட்டம். இங்க ஒருத்தர் மட்டும் சாப்பாட்டுப் பை, பிளாஸ்க், லாமிங்டனோட வந்து சேந்தாரு. ரொம்ப நேரம் ஆகும்னு அவருக்கு முன்னாடியே தெரியும்." ஒரு கடி கடித்தார். "மெர்வ், பன்னண்டு இருபதுக்கு வண்டிச் சாவியை மறந்துட்டேன்னு சாப்பாட்டு அறைக்குப் போன. அங்க ஒரு போன் இருக்கு. புகைன்னு தகவல் எந்தப் போன்ல இருந்து வந்துச்சுன்னு ஷெரில்கிட்ட எழுதியிருக்கும். கதவு திறந்ததும் நான் கேக்கற முதல் கேள்வி அதுதான். டேப்பைப் பத்தி யாரும் கேக்க மாட்டாங்கன்ன. பொய்ப் புகைக்கு நாத்தத்தைத் திறந்துவிட வச்சவன விடுவாங்களா? நூத்திப் பத்து பேரு இப்ப இந்த மாதிரி பெட்டிக்குள்ள உக்காந்திருக்காங்க."

மெர்வின் கை போன் மேலேயே இருந்தது. ஆனால் அது இப்போது கனமாகத் தெரியவில்லை.

தரையைப் பார்த்துத்தான் பேசினார்.

"புது மெஷின் வந்த பெட்டி என் மேஜைக்கடியில இருந்துச்சு. நாப்பது மெஷின். பூட்ஸ் காலை அது மேலதான் வச்சுப்பேன். எல்லாருக்கும் பழசு பழகிப்போச்சு, படத்தைப் பாக்காமலே அழுத்துவாங்க, புதுசை அப்புறம் குடுக்கலாம்னு பாட்டே சொன்னான். சரி, அடுத்த வாரம்னு விட்டேன். கால்குலேட்டர்தானே. அதுல என்ன வந்துடப்போகுதுன்னு நெனச்சேன்."

"விபத்துக்கு அப்புறம் சுரங்கம் மூடியிருந்த வாரத்துல எல்லா இயந்திரத்துலயும் புதுசை வச்சுட்ட," என்றார் ஸோர்க்கா. "இது ஒண்ணை மறந்துட்ட."

"இந்தப் பெட்டியை யாரு திறக்கறா." மெர்வ் கசப்பாகச் சிரித்தார். "ரிட்டையராக இன்னும் பத்தொம்போது மாசம் இருக்கு. நைரிக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல. ஞாபகம் இல்லாதவளுக்கு அவ்வளவா வலிக்காதுன்னு நெனச்சேன்."

"வலிக்காதா? அவ தினமும் அழுத்திப் பாக்கறா மெர்வ். முப்பத்தொண்ணு முப்பத்தொண்ணுன்னு வருது. அப்ப பாட்டைக் கொன்னது நிஜமாவே என் கைதானான்னு அந்தக் கையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா." ஸோர்க்கா நிறுத்தினார். "பாட்டோட சவப்பெட்டியைத் தூக்கினப்ப முன்கைப்பிடி யாரு பிடிச்சா?"

மெர்வ்தான் பிடித்தார். எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஊரே பார்த்தது.

"மணி?"

"ஒண்ணு நாப்பத்தாறு."

"நீயும் உள்ளதான் இருக்க மெர்வ்," என்றார் ஸோர்க்கா. "இந்தக் கதவு சீக்கிரம் திறக்கணும்னா புகை இல்லன்னு சொல்லணும். அதைச் சொல்ல முடிஞ்ச ஆளு நீ ஒருத்தன்தான்."

க்ளைவ் கையேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தான், சத்தமில்லாமல். நான் கயிற்றைப் பார்த்தேன். கால்குலேட்டர் அதன் நுனியில் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது.

மெர்வ் ரிசீவரை எடுத்தார். ஸ்பீக்கர் பட்டனை அவரே அழுத்தினார்.

"ஷெரில். மெர்வ். புகை எதுவும் இல்ல. போன் பண்ணது நான்தான். பொய் சொன்னேன். எழுதிக்கோ."

ஷெரில் ஏதோ கேட்க வாயெடுத்தாள்.

"எழுதிக்கோன்னேன்ல. இப்ப இன்ஸ்பெக்டர் ஆபீசுக்கு லைன் குடு. நைரி அங்க இருப்பா. சீக்கிரம்."

கிளிக் என்றது. மணி அடித்தது. யாரோ எடுத்தார்கள், யாரையோ கூப்பிட்டார்கள். நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டது. ஒன்று ஐம்பத்திரண்டு.

"மெர்வ்?" நைரியின் குரல். "உங்களை உள்ள வச்சு அடைச்சிருக்காங்கன்னு இங்க சொன்னாங்க. எல்லாரும் நல்லா இருக்கீங்கதானே? யாருக்கும் ஒண்ணும் ஆகலியே?"

அந்தக் கேள்விக்கு மெர்வ் தயாராக இல்லை. ஸோர்க்கா அவர் தோளில் கை வைத்தார். தட்டிக்கொடுக்கவில்லை. நகராமல் பிடித்துக்கொண்டார்.

"கையெழுத்துப் போட்டுட்டியா?"

"பேனா கையில இருக்கு."

"கீழ வை. நீ ஒரு தப்பும் பண்ணல. படத்துல இருந்தபடிதான் அழுத்தின. ஒண்ணு விடாம."

"அப்ப முப்பத்தொண்ணு வந்திருக்கணுமே மெர்வ்."

"உன் கையில இருந்தது பழைய மெஷின். அந்தப் படம் புதுசுக்குப் போட்டது. புதுசு என் மேஜைக்கடியில கெடந்துச்சு. பழசுல அழுத்தினா பதினாலுதான் வரும். யாரு அழுத்தினாலும் பதினாலுதான் வரும்."

எதிர்முனையில் ஏதோ மேசையிலிருந்து உருண்டு தரையில் விழுந்தது.

"திரும்பச் சொல்லு," என்றாள் நைரி.

மெர்வ் திரும்பச் சொன்னார்.

"திரும்பச் சொல்லு."

மீட்புக் குழு வந்து வெளியிலிருந்து கதவைத் தட்டப் பதினெட்டு நிமிடம் ஆயிற்று. அதுவரை அவள் அதையே கேட்டாள், அவர் அதையே சொன்னார். எத்தனை தடவை என்று எண்ணிக்கொண்டு வந்தேன். எட்டைத் தாண்டியதும் விட்டுவிட்டேன்.